இயங்க மறுக்கும் எஞ்சின்

மாத்தளை மாவட்டத்தில், கலேவெலைக்கு அண்மையில் அமைந்துள்ள சிற்றூர் வஹகோட்டை. போர்த்துக்கேயர் வழிவந்தோர் என அறியப்படும் கத்தோலிக்கக் குடிகள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் ஊர் அது. அங்குள்ள புனித அந்தோனியார் திருத்தலத்தின் பெருவிழா ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் நடைபெறும். சிங்களவரும் தமிழருமாக நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் யாத்திரிகர் திரண்டு வருவர். பேருந்துகளும், வாடகை வான்களும், முச்சக்கர வண்டிகளும், மோட்டார் சைக்கிள்களும் வெயிலில் நெடுநேரம் வரிசையாக நிற்கும்.

இத்தகைய கூட்டம் கலையும் நேரத்தில், எந்த விழா ஊரிலும் கேட்கக்கூடிய ஓர் ஓசை உண்டு. சாரதி சாவியைத் திருப்புகிறார். எஞ்சின் சுழல்கிறது, சுழன்றுகொண்டே இருக்கிறது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை. மறுபடியும் திருப்புகிறார். மறுபடியும் அதே ஓசை. வண்டிக்குள் முதியோரும் குழந்தைகளும் அமர்ந்திருக்கின்றனர். சுற்றிலும் ஆட்கள் கூடுகின்றனர். “பிளக்கை மாற்றுங்கள்” என்கிறார் ஒருவர். “பம்பு போய்விட்டது” என்கிறார் இன்னொருவர். “தள்ளிப் பார்ப்போம்” என்கிறார் மூன்றாமவர். ஒவ்வொருவருக்கும் முன்னொரு நாள் வேறொரு வண்டியில் கண்ட அனுபவம் இருக்கிறது. அந்த அனுபவம் உண்மையானதே. எனினும் இந்த வண்டிக்கு அது பொருந்துமா என்பதை எவரும் இன்னும் சோதிக்கவில்லை.

வாடகைக்கு வண்டி ஓட்டிப் பிழைக்கும் சாரதிக்கு இது சிறிய காரியமன்று. அன்றைய கூலி போகும். மறுநாள் ஒப்புக்கொண்ட பயணம் தவறும். இதற்கிடையில் ஊகத்தை நம்பி ஓர் உதிரிப்பாகம் வாங்கினால், பழுது தீராமலே கைப்பணமும் கரையும். சிற்றூர்களில் வேண்டிய பாகம் உடனே கிடைப்பதுமில்லை. மாத்தளைக்கோ தம்புள்ளைக்கோ ஆள் அனுப்ப வேண்டியிருக்கும். மேலும், 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இலங்கையில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டிலேயே தனியார் வாகனங்களுக்கு அத்தடை நீங்கியது. அவ்விடைக்காலம் முழுவதும் மக்கள் தம் பழைய வண்டிகளையே பேணி ஓட்ட நேர்ந்தது. பழைய வண்டியைப் பேணுவோனுக்கு முதலில் வேண்டுவது புதிய பாகமன்று. பழுது எங்கே உள்ளது என்று அறியும் முறை. அம்முறை யாது என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

எஞ்சின் சுழல்கிறது என்பது முதற்கண் ஒரு நற்செய்தி. பழுதைத் தேடும் பரப்பில் ஒரு பெரும் பகுதியை அது தானாகவே நீக்கிவிடுகிறது. சாவியைத் திருப்பியதும் பற்றரியிலிருந்து மின்சாரம் ஸ்டாட்டர் மோட்டாருக்குச் செல்கிறது. அம்மோட்டாரின் சிறிய பற்சக்கரம் எஞ்சினின் பெரிய பற்சக்கரத்தோடு பொருந்தி அதனைச் சுழற்றுகிறது. ஆகவே, எஞ்சின் வழக்கமான வேகத்தில் சுழலுமானால் பற்றரியும், தடித்த மின்கம்பிகளும், ஸ்டாட்டர் மோட்டாரும் தத்தம் கடமையைச் செய்கின்றன என்று கொள்ளலாம். அதன் பின்னும் பற்றரிக் கடைக்கு ஓடுவதில் பயனில்லை.

மோட்டார் வாகனத்தின் தொடக்க காலத்தில் இந்தச் சுழற்சியை மனிதனின் கையே கொடுக்க வேண்டியிருந்தது. வண்டியின் முன்புறத்தில் இரும்புக் கைபிடியைப் பொருத்தி, முழு வலிவோடு சுழற்றுவர். எஞ்சின் திடீரென எதிர்த்திசையில் உதைத்துவிட்டால் மணிக்கட்டு முறியும். 1911ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலாளரான சார்ள்ஸ் கெற்றறிங் மின்சார ஸ்டாட்டரை உருவாக்கினார். 1912ஆம் ஆண்டுக்குரிய கடிலக் கார்களில் அது பொருத்தப்பட்டது. அன்றுமுதல் கை நோவு குறைந்தது. ஆனால் கையால் சுழற்றியவனுக்கு இருந்த ஓர் அறிவும் அதனோடு மங்கிப்போயிற்று. எஞ்சின் எவ்வளவு எதிர்ப்புக் காட்டுகிறது, எந்த இடத்தில் இறுகுகிறது, எங்கே தளர்கிறது என்பதை அவன் தோளே உணர்ந்தது. இன்று அந்த வேலையைக் காது செய்ய வேண்டும்.

சுழலும் ஓசை மூவகைப்படும். முதலாவது, சீராக ஏறியிறங்கும் ஓசை. ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அமுக்கும்போது ஓசை சற்றுத் தாழும். அமுக்கம் கழிந்ததும் எழும். இத்தாளம் ஒழுங்காக இருந்தால் எஞ்சினின் உட்பகுதி பெரும்பாலும் நலமாகவே இருக்கும். இரண்டாவது, இழுத்து இழுத்துத் தயங்கும் ஓசை. இது பற்றரியின் சோர்வைக் காட்டும். நலமான 12 வோல்ட் பற்றரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எஞ்சினைச் சுழற்றும்போது அது 10 வோல்ட்டுக்கு வெகுவாகக் கீழே இறங்கலாகாது. இறங்கினால், எஞ்சின் மெல்லச் சுழலும். ஆயினும் தீப்பொறிக்கும் எரிபொருள் பம்புக்கும் போதிய மின்சாரம் மிஞ்சாது. மூன்றாவது, எதிர்ப்பே இல்லாமல் விரைந்து சுழலும் ஒரே சீரான இரைச்சல். இது அச்சந்தரும் குறி. எஞ்சினில் அமுக்கம் இல்லை, அல்லது டைமிங் பெல்ட் அறுந்துவிட்டது, அல்லது ஸ்டாட்டரின் பற்சக்கரம் பொருந்தாமல் தனியே சுழல்கிறது என்பது அதன் பொருள். இம்மூன்றாம் ஓசை கேட்குமாயின் மேலும் சாவியைத் திருப்பாது நிறுத்திவிடுவதே அறிவுடைமை. சில எஞ்சின்களில் பெல்ட் அறுந்தபின் சுழற்றினால் பிஸ்டனும் வால்வும் மோதிச் சேதம் பெருகும்.

ஓசை முதலாம் வகையாயின், அடுத்த கேள்வி எழுகிறது. எஞ்சின் இயங்குவதற்கு என்னென்ன வேண்டும்? 1876ஆம் ஆண்டில் ஜெர்மனியில் நிக்கொலாஸ் ஓட்டோ நான்கு வீச்சு எஞ்சினை இயக்கிக் காட்டிய நாள் தொட்டு இன்றுவரை விடை மாறவில்லை. காற்றோடு தக்க அளவில் கலந்த எரிபொருள் வேண்டும். அக்கலவையை இறுக்கும் அமுக்கம் வேண்டும். அதனைக் கொளுத்தும் தீப்பொறி வேண்டும். இம்மூன்றும் உரிய கணத்தில் வந்து கூட வேண்டும். அடுப்பெரிப்போர் இதனை எளிதில் உணர்வர். விறகு இருந்து நெருப்பு இல்லையேல் அடுப்பு எரியாது; நெருப்பு இருந்து விறகு ஈரமாயின் எரியாது; இரண்டும் இருந்தும் காற்றோட்டம் கெட்டால் புகையும்; எரியாது. ஆகவே சுழன்றும் இயங்காத எஞ்சினை நோக்கிக் கேட்க வேண்டிய கேள்வி, “எந்தப் பாகம் கெட்டது?” என்பதன்று, “மூன்றில் எது இல்லை?” என்பதே. முதற் கேள்விக்கு நூறு விடைகள் உண்டு. இரண்டாவதற்கு மூன்றே விடைகள்.

கருவியைக் கையிலெடுக்குமுன் செய்ய வேண்டிய வேலை ஒன்றுண்டு. அது விசாரணை. வண்டி கடைசியாக நன்றாக ஓடியது எப்போது? ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றதா, அல்லது நிறுத்திவைத்த பின் எழ மறுத்ததா? நிற்குமுன் திணறியதா, விளக்கை அணைத்தாற்போலச் சட்டென நின்றதா? அண்மையில் எவரேனும் எதையேனும் கழற்றிப் பூட்டினாரா? புதிதாக எங்கே எரிபொருள் நிரப்பப்பட்டது? நோயையும் நோயின் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருந்தை நாட வேண்டும் என்று வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த நெறி, மோட்டார்ப் பட்டறைக்கும் முற்றிலும் பொருந்தும். திணறித் திணறி நின்ற வண்டியில் எரிபொருட் குறை பெரிதும் எதிர்பார்க்கத்தக்கது. சட்டென நின்ற வண்டியில் மின்சாரக் குறை எதிர்பார்க்கத்தக்கது. இது முடிவன்று, தேடலை எங்கே தொடங்குவது என்பதற்கான வழிகாட்டல் மட்டுமே.

சாவியைத் திருப்பும்போது முன்பலகையில் எரியும் விளக்குகளையும் நோக்க வேண்டும். தற்கால வாகனங்கள் பலவற்றில் திருட்டைத் தடுக்கும் பூட்டு ஒன்று மின்னணு முறையில் அமைந்துள்ளது. சாவியினுள் இருக்கும் நுண்சில்லை வண்டி அடையாளம் காணாவிட்டால், எஞ்சின் சுழல இடங்கொடுத்தும் எரிபொருளை மறுத்துவிடும் வண்டிகள் உண்டு. சாவி வடிவான சிறு விளக்கு விடாது மினுங்கினால் மாற்றுச் சாவியைக் கொண்டு முயல்வதே முதல் வேலை. ஒரு திருகும் கழற்றாமல் தீரக்கூடிய குறை இது.

இனி எரிபொருளைக் காணலாம். எல்லாவற்றுக்கும் முன்னதாகக் கேட்க வேண்டிய கேள்வி, தாங்கியில் எரிபொருள் இருக்கிறதா என்பதே. இதைக் கேட்பதற்குப் பலர் கூச்சப்படுவர். ஆனால் அளவைக் காட்டும் முள் பொய்யும் சொல்லும். தாங்கியிலுள்ள மிதவை சிக்கிக்கொண்டால் வெறுந் தாங்கியும் அரைத் தாங்கியாகத் தோன்றும். மலைச்சரிவில் வண்டியைச் சாய்வாக நிறுத்தினால், அடியில் எஞ்சியிருக்கும் சிறிதளவு எரிபொருள் ஒருபுறம் ஒதுங்கி, உறிஞ்சும் குழாய்க்கு எட்டாமற் போகும். மாத்தளை மாவட்டத்து மேட்டுச் சரிவுகளில் இது நிகழத்தக்கதே. வண்டியைச் சமதரைக்குத் தள்ளி, ஓரிரு லீற்றர் ஊற்றிப் பார்ப்பது மலிவான சோதனை.

எரிபொருளின் அருமையை இலங்கை மக்களுக்கு 2022ஆம் ஆண்டு நன்றாகவே உணர்த்தியது. அவ்வாண்டு ஜூன் 26ஆந் திகதி ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றர் ஒன்றின் விலை 470 ரூபாவாயிற்று. அடுத்த சில நாட்களிலேயே, ஜூலை 10ஆந் திகதி வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் வழங்கப்படும் என அரசாங்கம் அறிவித்தது. பின்னர் வாராந்தப் பங்கீட்டு முறை வந்தது. வாகனங்கள் வாரக்கணக்கில் அசையாது நின்றன. கிடைத்த பெற்றோலைப் பலர் போத்தல்களிலும் கலன்களிலும் சேமித்தனர். அத்தகைய நாட்களுக்குப் பின் வண்டியை எடுக்க முயல்வோர் எதிர்கொள்ளும் குறைகள் மூன்று. நின்ற வண்டியின் பற்றரி சோர்ந்திருக்கும். நெடுநாள் கிடந்த பெற்றோலில் எளிதில் ஆவியாகும் பகுதி பறந்துபோய், பிசின் போன்ற வண்டல் நுண்துளைகளை அடைத்திருக்கும். கலன் மாறிக் கலன் மாறி வந்த எரிபொருளில் நீரோ மண்ணெண்ணெயோ கலந்திருக்கும். மண்ணெண்ணெய் கலந்த பெற்றோல் சூடான எஞ்சினில் ஒருவாறு எரியும். குளிர்ந்த எஞ்சினை எழுப்பாது. ஐயமிருப்பின் சிறிதளவை ஒரு கண்ணாடிப் போத்தலில் எடுத்துச் சற்று நேரம் அசையாது வைக்க வேண்டும். நீர் இருப்பின் அடியில் தனிப் படையாகத் தங்கும், கண்ணாலேயே காணலாம்.

எரிபொருள் தாங்கியில் இருப்பது போதாது. எஞ்சினை அடையவும் வேண்டும். இன்றைய பெற்றோல் வான்களிலும் கார்களிலும் பம்பு தாங்கியினுள்ளேயே இருக்கும். எஞ்சினைச் சுழற்றாமல் சாவியை ஒரு படி மட்டும் திருப்பினால், ஏறத்தாழ இரண்டு நொடிகள் பின்புறத்திலிருந்து மெல்லிய முரலொலி கேட்கும் வண்டிகள் பல. அமைதியான இடத்தில் ஒருவர் தாங்கியருகே காது கொடுத்திருக்க, மற்றொருவர் சாவியைத் திருப்பினால் இதனை அறியலாம். ஒலி இல்லையெனில், பம்பு செத்தது என்று உடனே முடிவு கட்டலாகாது. பம்புக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் பியூஸையும் ரிலேயையும் முதலில் பார்க்க வேண்டும். பியூஸ் சில ரூபாய்ப் பொருள். பம்பு பல்லாயிரம் ரூபாய்ப் பொருள். விலை குறைந்ததையும் எளிதில் எட்டுவதையும் முதலில் சோதிப்பது இத்தொழிலின் நல்வழக்கம். எனினும் எரிந்த பியூஸை மாற்றியவுடன் அதுவும் எரிந்துவிட்டால், தடித்த கம்பியைச் சுற்றி வைக்கும் பழக்கம் தீக்கு அழைப்பாகும். பியூஸ் காரணமின்றி எரிவதில்லை.

முச்சக்கர வண்டியிலும் மோட்டார் சைக்கிளிலும் காபரேற்றர் உள்ள பழைய வகையாயின், எரிபொருட் குழாய்த் திருகு மூடியிருக்கிறதா, சேமிப்புப் பக்கம் திருப்பப்பட்டுள்ளதா என்று காண வேண்டும். காபரேற்றர்க் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தினால் பெற்றோல் ஒழுக வேண்டும். ஒழுகாவிடின் அடைப்பு மேலே உள்ளது. ஒழுகினால் மேலே பழுதில்லை. ஒரே திருகு தேடலை இரண்டாகப் பகுத்துவிடுகிறது.

எரிபொருள் குறைந்தாலும் எஞ்சின் இயங்காது, மிகுந்தாலும் இயங்காது. காற்றுக்கும் பெற்றோலுக்கும் உரிய விகிதம் நிறையளவில் ஏறத்தாழ 14.7க்கு 1 ஆகும். மீண்டும் மீண்டும் சுழற்றுவதால் பெற்றோல் தேங்கி, பிளக்குகள் நனைந்துவிட்டால், பெற்றோல் நெடி கடுமையாக வீசும். அப்போது சில நிமிடங்கள் பொறுத்திருந்து, அக்சிலரேற்றரை முழுவதும் மிதித்தபடி சில நொடிகள் சுழற்ற வேண்டும். காற்று மிகுந்து புகுந்து ஈரத்தை உலர்த்தும். இன்றைய கணினிக் கட்டுப்பாடுள்ள எஞ்சின்கள் பலவற்றில், இவ்வாறு மிதிக்கும்போது எரிபொருள் தெளிப்பதே நிறுத்தப்படுமாறு அமைத்துள்ளனர்.

எரிபொருள் வருகிறது எனத் தெளிந்த பின் தீப்பொறியைத் தேட வேண்டும். பற்றரியின் 12 வோல்ட் மின்சாரத்தைக் கொயில் 10,000 வோல்ட்டுக்கும் மேலாக உயர்த்துகிறது. அவ்வழுத்தமே பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறியாகப் பாய்கிறது. 1902ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பொஷ் நிறுவனத்தில் கொட்லொப் ஹொனொல்ட் உயர் அழுத்த மக்னீற்றோவையும் அதற்கேற்ற பிளக்கையும் அமைத்ததிலிருந்து, விரைந்தோடும் எஞ்சின்களுக்கு இவ்வழியே நிலைத்தது. பொறியைச் சோதிப்பதற்குப் பிளக்கைக் கழற்றிக் கையாற் பிடித்து எஞ்சின் இரும்பில் தொட வைப்பது பழைய வழக்கம். அது கையை உதறச் செய்யும். அருகில் பெற்றோல் ஆவி இருப்பின் தீயும் பற்றும். புதிய எஞ்சின்களின் மின்னணுப் பகுதிகளையும் கெடுக்கும். அதற்கென விற்கப்படும் சிறிய சோதனைக் கருவியை இடையே பொருத்தி, அதன் ஒளியை நோக்குவதே பாதுகாப்பான முறை. பெற்றோல் நெடி வீசும் இடத்தில் பொறிச் சோதனை செய்யவே கூடாது.

எல்லாச் சிலிண்டர்களிலும் பொறி இல்லையெனில், குறை ஒரு தனிப் பிளக்கில் இராது. நான்கு பிளக்குகளும் ஒரே மாலையில் சாவது அரிது. எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்திலேயே தேட வேண்டும். பழைய வண்டிகளில் அது கொயிலாகவோ, டிஸ்ரிபியூட்டராகவோ, அதன் மூடியில் படிந்த ஈரமாகவோ இருக்கும். வடகீழ்ப் பருவமழை பொழியும் மாதங்களில், இரவெல்லாம் வெளியே நின்ற பழைய வண்டி காலையில் எழ மறுத்தால் முதலில் அம்மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். புதிய வண்டிகளில், சுழல்தண்டின் நிலையை உணர்ந்து கணினிக்கு அறிவிக்கும் சென்சர் ஒன்றுண்டு. அச்செய்தி கிட்டாவிடின் எப்போது பொறி விடுவது, எப்போது எரிபொருள் தெளிப்பது என்று கணினி அறியாது, இரண்டையும் நிறுத்திவிடும். சுழற்றும்போது எஞ்சின் வேகங்காட்டும் முள் சிறிதும் அசையாதிருப்பது, சில வண்டிகளில் இக்குறையைச் சுட்டும் அடையாளமாகும்.

இச்சென்சரின் ஒரு விந்தையான இயல்பு பலரைக் குழப்பியிருக்கிறது. குளிர்ந்திருக்கும்போது அது வேலை செய்யும். எஞ்சின் நன்றாகச் சூடேறியபின் மௌனமாகிவிடும். மீண்டும் குளிர்ந்ததும் ஒன்றுமே நடவாததுபோல் வேலை செய்யும். மாத்தளை வழியாக மேடேறி வந்த வண்டியை நிறுத்தி, பத்து நிமிடத்தில் மீண்டும் எடுக்க முயன்றால் எழாது; ஒரு மணி நேரம் கழித்து எழும். அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஒருவர் பிளக்கை மாற்றியிருந்தால், பிளக்கே காரணம் என்று எல்லாரும் நம்புவர். மறுவாரம் அதே வண்டி அதே மேட்டில் நிற்கும். காபரேற்றர் உள்ள பழைய வண்டிகளிலும் இதே தோற்றந்தரும் வேறொரு குறை உண்டு. கடும் வெயிலில் எரிபொருட் குழாயிலேயே பெற்றோல் ஆவியாகிக் குமிழியிட்டு வழியை அடைத்துவிடும். இரண்டையும் பிரித்தறிய ஒரே வழி, எழாத அந்த வேளையிலேயே பொறி இருக்கிறதா, எரிபொருள் வருகிறதா என்று பார்ப்பது. எழுந்தபின் பார்த்தால் இரண்டும் நலமாகவே இருக்கும். குற்றம் நிகழும்போதே சாட்சியைத் தேட வேண்டும்.

எரிபொருளும் பொறியும் இருந்தும் இயங்காத எஞ்சினில்தான் அமுக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும். பிளக்குத் துளையில் அழுத்தமானியைப் பொருத்திச் சுழற்றினால், நலமான பெற்றோல் எஞ்சின் பெரும்பாலும் சதுர அங்குலத்துக்கு 150 இறாத்தலை ஒட்டிய அளவு காட்டும். எல்லாச் சிலிண்டர்களும் ஏறத்தாழ ஒரே அளவு காட்டுவது முக்கியம். ஒரே ஒரு சிலிண்டரின் தாழ்வு எஞ்சினை நடுங்கச் செய்யுமேயன்றிப் பெரும்பாலும் நிறுத்தாது. எல்லாச் சிலிண்டர்களும் ஒருசேரத் தாழ்ந்திருப்பின் டைமிங் பெல்ட் நழுவியிருக்கலாம். இங்கு சாலையோரச் சிகிச்சை இல்லை, பட்டறையே இடம்.

பேருந்து, லொறி, உழவு இயந்திரம் ஆகியவற்றின் டீசல் எஞ்சினுக்கு இக்கணக்கு சற்று மாறும். ஜெர்மானியரான ருடோல்ஃப் டீசல் 1897ஆம் ஆண்டில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய இவ்வகை எஞ்சினில் பிளக்கும் இல்லை, பொறியும் இல்லை. காற்றை மிகக் கடுமையாக அமுக்குவதால் அது 500 பாகை செல்சியசுக்கும் மேலாகச் சூடேறுகிறது. அச்சூட்டில் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றுகிறது. ஆகவே இங்கு கேள்விகள் இரண்டாகின்றன: டீசல் சிலிண்டரை அடைகிறதா? அதனைப் பற்றவைக்கும் சூடு உண்டாகிறதா?

விடையைப் புகைபோக்கியே சொல்லும். சுழற்றும்போது வெண்புகை வந்தால், டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை. பற்றரி சோர்ந்து சுழற்சி மெதுவாயிருக்கலாம், சூடேற்றும் குளோ பிளக்குகள் கெட்டிருக்கலாம், அமுக்கம் தளர்ந்திருக்கலாம். புகையே இல்லையெனில் டீசல் உள்ளே போகவே இல்லை. தாங்கி ஒருமுறை முற்றாக வற்றினால் குழாய்களில் காற்றுப் புகுந்துவிடும். பின்னர் தாங்கியை நிரப்பினாலும், காற்றை வெளியேற்றாமல் எஞ்சின் எழாது. பழைய வகை எஞ்சினில் கைப்பம்பை அடித்து, வடிகட்டியின் மேலுள்ள திருகைத் தளர்த்தினால் முதலில் நுரையும் பின்னர் தெளிந்த டீசலும் வரும்; தெளிந்தபின் இறுக்க வேண்டும். எஞ்சினை நிறுத்துவதற்கென டீசலை மறிக்கும் மின்வால்வு ஒன்றும் பல வண்டிகளில் உண்டு. அதற்குச் செல்லும் ஒற்றைக் கம்பி கழன்றாலும் வண்டி எழாது. ஆயின், கொமன் ரெயில் எனப்படும் புதிய வகை எஞ்சினில் உயர் அழுத்தக் குழாய்களைச் சாலையோரத்தில் தளர்த்தலாகாது. அவற்றின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்டது. மயிரிழை போன்ற பீறலும் தோலைத் துளைத்து உட்புகும். அத்தகைய காயம் சிறிதாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனையை நாட வேண்டும்.

இனி, கணினியிடமே கேட்டால் என்ன என்று சிலர் வினவக்கூடும். 1996ஆம் ஆண்டுமுதல் அமெரிக்காவில் விற்கப்படும் கார்களுக்கு ஒரே விதமான பழுதறியும் இணைப்பு கட்டாயமாக்கப்பட்டது. பின்னர் உலகின் பிற பகுதிகளிலும் அது பரவியது. இன்று சிறிய கருவி ஒன்றைப் பொருத்திப் பழுதுக் குறியீடுகளைப் படிக்கலாம். இது பெரும் உதவியே. எனினும் குறியீடு ஒரு முகவரியேயன்றித் தீர்ப்பன்று. சென்சரின் சுற்றில் குறை என்று அது கூறுமானால், சென்சர் கெட்டிருக்கலாம். அதன் கம்பியை எலி கடித்திருக்கலாம். இணைப்பில் துரு ஏறியிருக்கலாம். முகவரிக்குச் சென்று பார்ப்பது மனிதனின் வேலையாகவே இருக்கிறது.

இம்முறையைப் பயிலாதவர் செய்யும் பெருந்தவறு, நம்பிக்கையோடு சாவியைத் திருப்பிக்கொண்டே இருப்பது. ஒருமுறைக்குப் பத்து நொடிகளுக்கு மேல் சுழற்றலாகாது. அடுத்த முறைக்கு முன் அரை நிமிடமேனும் ஓய்வு தர வேண்டும். அன்றேல் ஸ்டாட்டர் சூடேறிக் கெடும், பற்றரி வற்றும். ஒரு குறையோடு நின்ற வண்டி மூன்று குறைகளோடு பட்டறை சேரும். தள்ளி எழுப்புவதும் இங்கு பெரும்பாலும் வீண். சுழற்சிதான் ஏற்கெனவே இருக்கிறதே! தள்ளுவதால் கிடைப்பதும் அதே சுழற்சிதான். பற்றரி சோர்ந்த வண்டிக்கு அது உதவலாம். பொறியில்லாத வண்டிக்கு உதவாது. தன்னியக்கக் கியர் வண்டியைத் தள்ளி எழுப்ப முடியாது. எரியாத பெற்றோல் புகைபோக்கியிலுள்ள வினையூக்கியிற் சேர்ந்து, பின்னர் அதனைச் சூட்டால் அழிக்கவும் கூடும்.

பழுதறிதல் ஓர் ஒழுங்கான கல்வி என்பதை இந்நாடு முன்னரே உணர்ந்தது. 1958ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி தனியார் பேருந்துச் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவாயிற்று. அத்தனை பேருந்துகளையும் பராமரிக்க ஆட்கள் வேண்டியிருந்தனர். மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959ஆம் ஆண்டில் இலங்கை ஜெர்மன் தொழினுட்பப் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. கைப்பழக்கமாக மட்டும் கடத்தப்பட்டு வந்த தொழில், காரண காரியத் தொடர்போடு கற்பிக்கப்படும் தொழிலாக மாறுவதற்கு இத்தகைய நிறுவனங்கள் வழிவகுத்தன. சிற்றூர்ப் பட்டறையில் மூத்தவரிடம் வேலை பழகும் இளைஞனுக்கும் அக்கல்வியின் சாரம் கிடைக்கக்கூடியதே. ஒன்றைச் சோதித்து, அது நலமென்று தெளிந்தபின் அதற்குத் திரும்பாமல் அடுத்ததற்குச் செல்வதும், ஒரே வேளையில் இரண்டு பாகங்களை மாற்றாதிருப்பதுமே அச்சாரம். இரண்டையும் ஒருங்கே மாற்றி வண்டி எழுந்துவிட்டால், எது கெட்டிருந்தது என்று ஒருபோதும் தெரியாது. வாடிக்கையாளன் இரண்டுக்கும் விலை கொடுத்திருப்பான்.

கருவி பிடித்தறியாத பயணிக்கும் சாரதிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பழுதுபார்ப்பவர் வந்ததும், “வண்டி ஓடவில்லை” என்று மட்டும் சொல்லி ஒதுங்குவது உதவியாகாது. எஞ்சின் வழக்கமான வேகத்தில் சுழல்கிறதா, நின்றது திடீரெனவா திணறியா, சூடாயிருந்ததா குளிர்ந்திருந்ததா, பெற்றோல் நெடி வீசியதா, பம்பின் ஒலி கேட்டதா, எந்த விளக்கு எரிந்தது, கடைசியாக எரிபொருள் நிரப்பியது எங்கே, எப்போது ஆகிய செய்திகளை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக் கொடுத்தால் பாதி வேலை முடிந்ததாகும். தொலைபேசியில் பேசும்போதும் இவ்விவரங்களைச் சொன்னால், என்ன கருவியையும் எந்தப் பாகத்தையும் எடுத்து வரவேண்டும் என்பதை அவர் புறப்படுமுன்னரே அறிந்துகொள்வார். மாத்தளைக்கு இரண்டாம் முறை ஆள் அனுப்ப வேண்டியிராது.